மேனாம்பேட்டு மழையும் வடநெம்மேலிப் பானையும்: பாம்புக்கடி மருந்து புறப்படும் ஊருக்கு ஒரு பயணம்!

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தால் மேனாம்பேட்டில் இரண்டு விஷயங்கள் நடக்கும். தெருவில் தண்ணீர் நிற்கும். யாராவது ஒருவர் வீட்டு வாசலில் 'பாம்பு... பாம்பு...' என்று சத்தம் கேட்கும்.

சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூரை ஒட்டிய பழைய ஊர் இது. கோயம்பேடு போலவே பெயரில் 'பேடு' சுமக்கும் ஊர். ஒரு பக்கம் அம்பத்தூர் ஏரி, இன்னொரு பக்கம் கொரட்டூர் ஏரி. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் கொரட்டூருக்கும், அங்கிருந்து மாதவரத்துக்கும் போக வேண்டும் என்பது முன்னோர் போட்ட கணக்கு. நடுவில் இருந்தவை வயலும் வாய்க்காலும். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. வேலைக்கு ஆள் வந்தார்கள், ஆளுக்கு வீடு வந்தது, வீட்டுக்கு மனை வேண்டியிருந்தது. 2011-ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சிக்குள் போனது. 2018-ல் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஊரின் முகவரி இப்படி மாறிக்கொண்டே இருக்க, பாம்புகள் மட்டும் பழைய முகவரியிலேயே குடியிருக்கின்றன.

வேலி போட்ட காலி மனை, சீமைக்கருவேலம் மண்டிய ஓரம், கட்டி முடிக்காத வீட்டின் செங்கல் குவியல், நிரம்பி வழியும் குப்பைத் தொட்டி. குப்பை இருந்தால் எலி இருக்கும். எலி இருந்தால் அதைத் தேடி வருகிற ஜீவனும் இருக்கும். மழைத் தண்ணீர் வளைக்குள் புகுந்ததும் எலியும் பாம்பும் ஒன்றாக வெளியே வருகின்றன. மேடான, காய்ந்த இடம் எதுவென்று பார்த்தால் மனிதர் வீட்டுப் படிக்கட்டுதான்.

கம்பை எடுப்பதா, போனை எடுப்பதா?

முன்பெல்லாம் முதலில் வருவது கம்புதான். இப்போது கைப்பேசியும் வருகிறது. ஒருவர் வீடியோ எடுக்கிறார், ஒருவர் தீயணைப்புத் துறையை அழைக்கிறார், எதிர்வீட்டுப் பாட்டி 'அடிக்காதீங்கப்பா, வெள்ளிக்கிழமை' என்கிறார். இந்தப் பகுதிகளில் அதிகம் கண்ணில் படுபவை தண்ணீர்ப் பாம்பும் சாரையும்தான். இரண்டுக்கும் விஷம் கிடையாது. ஆனால் பதற்றத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. தண்ணீர்ப் பாம்பு கோபத்தில் கழுத்தைக் கொஞ்சம் தட்டையாக்கினால் போதும், 'நல்ல பாம்பு படமெடுத்துடுச்சு' என்று தெருவே முடிவு செய்துவிடும்.

கட்டு விரியன் விஷயத்தில் குழப்பம் இன்னும் ஆபத்தானது. அதைப் போலவே கறுப்பு உடம்பும் வெள்ளை வளையங்களும் கொண்ட ஓநாய்ப் பாம்பு வீட்டுச் சுவர்களில் பல்லி தேடி ஏறும்; அதற்கு விஷமில்லை. கட்டு விரியனுக்குத் தலையை ஒட்டிய பகுதியில் வளையங்கள் தெளிவாக இருக்காது, சற்றுத் தள்ளித்தான் ஆரம்பிக்கும். ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்திலிருந்தே தொடங்கிவிடும். இதையெல்லாம் டார்ச் வெளிச்சத்தில், நடுராத்திரியில், கால் நடுங்கிக்கொண்டே சரிபார்க்க முடியாது என்பதும் உண்மைதான். அதனால்தான் தள்ளி நின்று, பாம்பு போகும் திசையை மட்டும் கவனித்து, பிடிக்கத் தெரிந்தவர்களை அழைப்பது நல்லது.

அடித்துக் கொல்வது பாவமா என்பது பாட்டியின் கேள்வி. சட்டத்துக்கு வேறு கணக்கு உண்டு. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாம்புகளுக்கும் பாதுகாப்பு தருகிறது. சாரையைக் கொன்றாலும் நல்ல பாம்பைக் கொன்றாலும் குற்றம்தான். ஏன் இந்தப் பாதுகாப்பு என்று கேட்டால், எலிக்காய்ச்சல் வந்த வீட்டைக் கேட்கலாம். மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நடப்பதால் பரவும் நோய் அது. ஒரு சாரைப் பாம்பு செய்கிற வேலையை எந்த எலிப்பொறியும் செய்வதில்லை.

ஆனாலும், கடிபட்டவருக்கு இந்த நியாயங்கள் எதுவும் காதில் ஏறாது. அவருக்கு வேண்டியது மருந்து. அந்த மருந்தின் முதல் துளி எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், மேனாம்பேட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போக வேண்டும்.

கடற்கரை ஓரம் ஒரு விஷ வங்கி

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து நகரத்தைக் கடந்து, அடையாறு, திருவான்மியூர் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்து. கோவளம் தாண்டியதும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சவுக்குத் தோப்பு. வடநெம்மேலியில் இறங்கினால் முதலைப் பண்ணையின் வாசல். பெரும்பாலானோர் முதலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே வளாகத்தில்தான் 'இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம்' இருக்கிறது.

உள்ளே எதிர்பார்ப்பது கண்ணாடிப் பெட்டிகளையும் வெள்ளைக் கோட்டுகளையும். இருப்பதோ மண் பானைகள்! வரிசை வரிசையாக, வாயில் துணி கட்டிய பானைகள். பொங்கல் பானை மாதிரிதான் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பாம்பு. மண் பானை வெயிலிலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும், இருட்டாக இருக்கும். பாம்புக்கு அது வளை போலவே இருப்பதால் முட்டி மோதாமல் கிடக்கும். ஏசி அறை கட்டிச் செய்திருந்தாலும் இதைவிட நன்றாக அமைந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பார்வையாளர்களுக்கு முன்னால் விஷம் எடுத்துக் காட்டுவதும் உண்டு. பிடிப்பவர் ஒரு வளைந்த கம்பியால் பாம்பைத் தூக்கி வெளியே விடுகிறார். கையுறை இல்லை, கால் பூட்ஸ் இல்லை. கழுத்தருகே லாகவமாகப் பிடித்து, மெல்லிய தோல் கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பில் அதன் வாயை வைக்கிறார். பல் தோலைக் குத்துகிறது. உள்ளே சொட்டுகிறது விஷம். நல்ல பாம்பின் விஷம் பார்க்க வெளிர் மஞ்சளில், நல்லெண்ணெய் போல இருக்கும். அவ்வளவுதான், பாம்பு திரும்பவும் பானைக்குள். மொத்தமும் முடிய ஒரு நிமிடம் ஆகாது. சுற்றி நிற்கும் குழந்தைகள் மூச்சு விடுவது அதற்குப் பிறகுதான்.

ஒரு பாம்பு இங்கே சுமார் மூன்று, நான்கு வாரம் விருந்தாளி. அதற்குள் நாலு முறை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஒரு சிறு அடையாளம் வெட்டிவிட்டு, காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அடையாளம் எதற்கு? அதே பாம்பு மறுபடி பிடிபட்டால் தெரிய வேண்டுமே! எத்தனை பாம்பு பிடிக்கலாம், எங்கே பிடிக்கலாம் என்பதற்கெல்லாம் வனத்துறை அனுமதி வேண்டும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரத்து வயல்களும் ஏரிக்கரைகளும்தான் இவர்களின் களம். சில பத்தாண்டுகளுக்கு முன்னால் மேனாம்பேடு எப்படி இருந்ததோ, அப்படிப்பட்ட ஊர்கள்.

நான்கு வகைப் பாம்புகளிடமிருந்து விஷம் எடுக்கப்படுகிறது: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக்கடி உயிரிழப்புகளில் மிகப் பெரும் பங்கு இந்த நால்வருடையது. எடுத்த விஷத்தை உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்கி மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறது சங்கம். அங்கே அந்த விஷத்தை மிகச் சிறிய அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அதிகரித்துக் குதிரைகளுக்குச் செலுத்துவார்கள். குதிரையின் உடம்பு எதிர்ப்புப் பொருளை உருவாக்கும். அதன் ரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்துச் சுத்திகரித்தால் விஷமுறிவு மருந்து. 1890-களில் ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் காட்டிய வழி இது. நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்தும் அடிப்படை மாறவில்லை. மாறாத இன்னொன்று, விஷத்தைக் கொண்டுவந்து தர ஒரு மனிதர் வரப்பில் குனிய வேண்டும் என்பது. நாடு முழுக்கப் பயன்படும் மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி, ஏறக்குறைய 80 சதவிகிதம், இந்தப் பானைகளிலிருந்துதான் போகிறது என்று சொல்லப்படுகிறது.

தோலிலிருந்து துளிக்கு

இருளர்களின் கதை இவ்வளவு நேராக வரவில்லை. பாம்பு பிடிப்பது அவர்களுக்குத் தலைமுறை அறிவு. வளையின் வாயில் மண் படிந்திருக்கும் விதம், புல் சாய்ந்திருக்கும் கோணம், காய்ந்த எச்சம் ஆகியவற்றைப் பார்த்தே உள்ளே யார், எப்போது போனார் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு காலத்தில் அந்த அறிவுக்குச் சந்தை தந்தது தோல் வியாபாரம். லட்சக்கணக்கில் பாம்புத் தோல்கள் சென்னையிலிருந்து கைப்பையாகவும் செருப்பாகவும் வெளிநாடு போயின.

1972-ல் வன உயிரினச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே பாம்புத் தோல் ஏற்றுமதிக்கு முழுத் தடையும் வந்தது. பாம்புகளுக்கு அது உயிர்ப் பிச்சை. இருளர்களுக்கு? அவர்கள் அறிந்த ஒரே தொழில் ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. வியாபாரி வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டார். பிடித்துக் கொடுத்தவர் எங்கே போவார்? காட்டைக் காக்கும் சட்டங்கள் பெரும்பாலும் மறந்துவிடும் கேள்வி இது.

இங்கே அதற்கு ஒரு பதில் கிடைத்தது. கிண்டி பாம்புப் பண்ணையையும் பிறகு முதலைப் பண்ணையையும் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கர், இருளர்களோடு சேர்ந்து 1978-ல் இந்தக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். கொன்று தோல் உரித்த அதே கைகள், உயிரோடு பிடித்து விஷம் எடுத்து உயிரோடு விடத் தொடங்கின. பாம்பும் பிழைத்தது, பிடித்தவர் குடும்பமும் பிழைத்தது, கடிபட்டவரும் பிழைத்தார். வன உயிரினப் பாதுகாப்பும் பொது சுகாதாரமும் இவ்வளவு கச்சிதமாக ஒரே கூரைக்குள் நடக்கும் இடம் நாட்டில் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் உள்ளூர் விலங்குகளை அழித்துக்கொண்டிருந்தன. நாய்களையும் நவீனக் கருவிகளையும் வைத்துத் தேடியும் பெரிதாகப் பலனில்லை. இவர்கள் இருவரும் முதல் இரண்டு வாரத்திலேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்துவிட்டார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விட்டேக்கருக்கு 2018-லேயே கிடைத்திருந்தது. குருவுக்கு ஐந்து வருடம் முன்னதாக வந்துவிட்டது என்று எழுதலாம்தான். ஆனால் பாம்பு விஷயத்தில் இங்கே யார் குரு, யார் சீடர் என்று அவரையே கேட்டால் வேறு பதில் வரக்கூடும்.

பத்மஸ்ரீ வந்த பிறகும் இருளர் குடியிருப்புகளில் பட்டாவும் சாதிச் சான்றிதழும் இன்னும் பெரிய கனவுகள்தான். தமிழகத்தின் ஆறு 'மிகவும் நலிவுற்ற' பழங்குடிகளில் இருளர் ஒருவர். இப்படிப்பட்ட சமூகங்களுக்கு வீடு, சாலை, குடிநீர், மருத்துவம் கொடுப்பதற்காக 2023 நவம்பரில் மத்திய அரசு 'பிஎம் ஜன்மன்' திட்டத்தைத் தொடங்கியது.

எண்ணப்படாத மரணங்கள்

திரும்பவும் அம்பத்தூர்ப் பக்கம் வருவோம். மேனாம்பேட்டிலிருந்து அதிக தூரமில்லாத அயப்பாக்கத்தில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவையும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தையும் இணைத்து 1999-ல் உருவான அமைப்பு. எந்த நோய் எங்கே, எவ்வளவு பேருக்கு என்று எண்ணுவதே ஒரு மருத்துவம் என்பதன் சாட்சியாக அந்தக் கட்டடம் நிற்கிறது.

பாம்புக்கடியை நாடு நீண்ட காலம் எண்ணவே இல்லை. அரசு மருத்துவமனைப் பதிவேட்டில் வந்தது ஒரு சிறு பகுதி. மந்திரிப்பவரிடம் போனவர், வழியிலேயே இறந்தவர், வயலில் கிடந்தவர் எல்லாம் கணக்கில் வரவில்லை. பிறகு வீடு வீடாகப் போய் மரணக் காரணம் கேட்ட ஆய்வு ஒன்றின் அடிப்படையில், 2000 முதல் 2019 வரை இந்தியாவில் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020-ல் மதிப்பிடப்பட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர்! உலக சுகாதார நிறுவனம் 2017-ல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தது.

2024 மார்ச்சில் மத்திய அரசு பாம்புக்கடிக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2030-க்குள் மரணங்களைப் பாதியாகக் குறைப்பது இலக்கு. சுகாதாரம், வனம், கால்நடை என மூன்று துறைகளும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையாக அது வகுக்கப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு, 1939-ம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் பாம்புக்கடியை 'அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோய்' ஆக்கியது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, பாம்புக்கடி வந்தால் அரசுக்குத் தகவல் தர வேண்டும். எங்கே மருந்து அதிகம் தேவை என்பது அந்தத் தகவலில்தான் தெரியவரும்.

மருந்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 2019-லிருந்து தொடர்ந்து சொல்லிவருவது இது: ஒரே வகைப் பாம்பாக இருந்தாலும் விஷம் ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து, வடக்கிலும் வடகிழக்கிலும் அதே அளவுக்கு வேலை செய்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் மூக்குக் குழிவிரியனின் கடிக்கு இந்த மருந்தில் பதிலே இல்லை. இந்திய மருந்தையே நம்பியிருக்கும் இலங்கையிலும் இதே கவலை உண்டு. அதனால் ஆங்காங்கே மண்டல விஷ சேகரிப்பு மையங்கள் வேண்டும் என்கிறது செயல்திட்டம். நோயாளிக்கு நல்லது. ஆனால் வடநெம்மேலியின் வருமானம் என்னவாகும்? புதிய மையங்களில் வேலை செய்யவும் கற்றுக்கொடுக்கவும் இருளர்களை அழைப்பதுதான் நியாயமாக இருக்கும். பாம்பு பிடிக்கப் பாடப்புத்தகம் எழுதக்கூடியவர்கள் அவர்கள்தானே!

கடித்துவிட்டால்?

மேனாம்பேடு போன்ற ஊரில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பகுதிதான், கொஞ்சம் நிதானமாகவே படிக்கலாம்.

கயிறு கட்டக் கூடாது. கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. சினிமாவில் கதாநாயகன் செய்வது எல்லாமே தப்பு. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட வேண்டும், வீக்கம் வந்தால் இறுக்கும். கை, கால் முறிந்தால் எப்படிக் கட்டையை வைத்து அசையாமல் வைப்போமோ அப்படி வைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை. நான்கு பாம்புகளுக்கும் ஒரே மருந்து என்பதால், மருத்துவர் அறிகுறிகளைப் பார்த்தே சிகிச்சை தொடங்குவார். ரத்தத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. உறையவில்லை என்றால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருப்பு வைக்கப்படுகிறது.

கட்டு விரியன் தனி ரகம். ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்பார், கண் இமை தானாகக் கீழே சரியும், பேச்சு குழறும். 'நேத்து சாப்பிட்டது ஒத்துக்கல' என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தை வீணாக்கும் வீடுகள் நிறைய. மழைக்காலத்தில் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் கொசுவலையை விரிப்புக்கடியில் செருகிக் கட்டிக்கொண்டால், கொசுவோடு சேர்த்து இதுவும் வெளியே நிற்கும். டெங்குவுக்குச் சொல்லும் அதே கொசுவலைதான்!

அம்பத்தூர், கொரட்டூர்ப் பக்கத்துக் குடியிருப்போர் கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறார்கள். ஏரி ஏரியாக இருந்தால் தண்ணீர்ப் பாம்பு அங்கேயே இருக்கும், தவளை இருக்கும், குளிர்காலத்தில் பறவைகளும் வரும். ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீர் தெருவுக்கு வந்தால், அதோடு சேர்ந்து எல்லாமும் தெருவுக்கு வரும்.

வடநெம்மேலி போக நினைப்பவர்களுக்கு: முதலைப் பண்ணையின் வார விடுமுறை நாளையும், விஷம் எடுக்கும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பாம்பு பிடிக்க வனத்துறை அனுமதி வந்து சேராத காலங்களில் பானைகள் வெறுமனே இருப்பதும் உண்டு. பானைகள் நிறைந்திருக்கும் நாளில் போனால், முன்வரிசையில் குழந்தைகளை உட்காரவைத்துவிட்டுப் பின்னால் நில்லுங்கள். கேள்வி கேட்கலாம், இருளர்கள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். பாம்பு பால் குடிக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறார்கள். குடிக்காது.